ஸ்விஃப்ட் டீசலும் லீனியாவும் ஒரே எஞ்சின்தானா? 1.3 மல்டிஜெட் பற்றி விரிவாக

கேள்வி இதுதான்: "ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, மான்ஸா, லீனியா, புன்டோ எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டீசல் எஞ்சின் என்கிறார்கள். பிறகு ஏன் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி ஓடுகிறது? அப்படி என்ன விசேஷம் அந்த எஞ்சினில்? இப்போது பழைய வண்டியாக வாங்கினால் தாங்குமா?"

ஆமாம், ஒரே எஞ்சின்தான். ஃபியட் உருவாக்கிய 1.3 மல்டிஜெட். மாருதி அதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது, செவ்ரோலே ஸ்மார்டெக் என்றது, ஐரோப்பாவில் ஓப்பல் சிடிடிஐ என்றது. பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் பிளாக், கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), பிஸ்டன் அளவு, ஹெட்டின் அமைப்பு எல்லாம் ஒன்று. மாறுவது டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தால் சுற்றி, கூடுதல் காற்றை உள்ளே அழுத்தும் விசிறி), ஈசியு எனப்படும் எஞ்சின் கணினியில் ஏற்றிய மென்பொருள், கியர் விகிதம், வண்டியின் எடை. ஓட்டும்போது நமக்குத் தெரியும் வித்தியாசம் முழுக்க இந்த நான்கிலிருந்து வருவது. ஆனால் இந்த எஞ்சினைப் புரிந்துகொள்ள அதன் இரும்பிலிருந்து தொடங்கக் கூடாது. அதற்குள் டீசல் போகும் வழியிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய டீசல் கார்களில் ஒரு பம்ப் இருக்கும். அது சுற்றும்போது அந்தந்த சிலிண்டருக்கான டீசலை அழுத்தி அனுப்பும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் குறையும். எப்போது, எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அந்தப் பம்பின் இயந்திர அமைப்பே தீர்மானிக்கும். இதை மாற்றியது காமன் ரெயில். பம்பின் வேலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தத்தைத் தயாராக வைத்திருப்பது மட்டும். எந்த இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பாகம்) எந்த நொடியில் திறக்க வேண்டும் என்பதை ஈசியு மின்சாரத்தால் சொல்லும். ஆக, அழுத்தமும் நேரமும் ஒன்றையொன்று சாராமல் பிரிந்தன. டீசல் கார்களின் குணமே மாறியது இந்த ஒரு பிரிவினையால்தான்.

ஜப்பானில் டென்சோ 1995இலேயே இதை லாரி எஞ்சினுக்குக் கொண்டுவந்துவிட்டது. கார் எஞ்சினுக்கு ஏற்றபடி உருவாக்கியது இத்தாலியில் ஃபியட் ஆராய்ச்சி மையமும், அதன் துணை நிறுவனங்களான மாக்னெட்டி மரெல்லியும் எலாசிஸும். மாரியோ ரிக்கோ என்ற பொறியாளரின் பெயர் இதில் முக்கியமானது. யூனிஜெட் என்ற பெயரில் வளர்ந்த அந்தத் தொழில்நுட்பத்தைப் பெருமளவில் தயாரிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் பொறுப்போடு 1994இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு ஃபியட் விற்றுவிட்டது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 ஜேடிடி வெளிவந்தது. காமன் ரெயிலுடன் வந்த முதல் கார் அதுதான். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் ஓடிய காமன் ரெயில் கார்களால் லாபம் பார்த்தது பெரும்பாலும் பாஷ். கண்டுபிடித்தவர்கள் கையில் அது தங்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

விற்ற பிறகும் ஃபியட் பொறியாளர்கள் நிற்கவில்லை. யூனிஜெட்டில் ஒரு முறைக்கு இரண்டு தெளிப்புகள்தான்: முதலில் ஒரு சின்னத் தெளிப்பு, பிறகு பிரதானத் தெளிப்பு. இதை மேலும் பிரித்தால் சத்தமும் புகையும் இன்னும் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்ஜெக்டர் ஒருமுறை திறந்து மூடி, அடுத்த முறை திறக்கத் தயாராக 1500 மைக்ரோ நொடிகள் வேண்டியிருந்தது. அதை 150க்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தெளிப்பின் குறைந்தபட்ச அளவையும் 2 கன மில்லிமீட்டரிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறக்கினார்கள். இதுதான் மல்டிஜெட்.

இந்த எண்கள் சும்மா படித்துவிட்டுப் போகிற எண்கள் இல்லை, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கிராங்க் ஒரு டிகிரி நகர எடுக்கும் நேரம் ஏறத்தாழ 83 மைக்ரோ நொடி. 1500 மைக்ரோ நொடி காத்திருந்தால் கிராங்க் 18 டிகிரி நகர்ந்திருக்கும். 4000 ஆர்பிஎம்மில் அது 36 டிகிரி. எரிதல் நடக்கும் நேரமே அந்த அளவுதான் என்னும்போது, இடையில் மூன்றாவது தெளிப்புக்கு இடம் ஏது? 150 மைக்ரோ நொடி என்றால் 2000 ஆர்பிஎம்மில் இரண்டு டிகிரிகூட இல்லை. ஒரே எரிதலுக்குள் ஐந்து தெளிப்பு வரை போடலாம். அளவைப் பார்த்தால், இந்த எஞ்சினில் முழு பாரத்தில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முறைக்குச் செல்லும் டீசல் சுமார் 45 கன மில்லிமீட்டர்தான். அதிலிருந்து ஒரு கன மில்லிமீட்டரைத் தனியாகப் பிரித்து, சரியான நொடியில், 1400 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 1400 மடங்கு) தெளிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால் என்ன பயன்? டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடான காற்றில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். மொத்த டீசலையும் ஒரே தடவையில் உள்ளே விட்டால், பற்றும்வரை கொஞ்சம் சேர்ந்து, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வெடிக்கும். பழைய டீசல் வண்டிகளின் 'டக டக' சத்தம் அதுதான். மல்டிஜெட் செய்வது விறகடுப்பு மூட்டுகிற முறை: முதலில் சுள்ளி, அது பிடித்ததும் கட்டை. சின்னத் தெளிப்புகள் அறையைச் சூடாக்கி வைக்க, பிரதானத் தெளிப்பு தாமதமில்லாமல், அதிர்ச்சியில்லாமல் எரியும். குளிர்ந்த எஞ்சினில் ஒரு மாதிரி, ஐடிலில் ஒரு மாதிரி, மேடு ஏறும்போது ஒரு மாதிரி என்று இந்தப் பங்கீட்டை ஈசியு ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். கடைசியாக வரும் சின்னத் தெளிப்பு, எரியாமல் மிஞ்சிய கரியை எரிக்க உதவும்.

சரி, இப்போது எஞ்சினுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டு வைத்தன. ஃபியட் ஆட்டோவில் 20 சதவீதம் ஜிஎம் கைக்கு வந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ் தயாரிப்புக்கென்று ஃபியட்-ஜிஎம் பவர்டிரெய்ன் என்ற கூட்டு நிறுவனமும் உருவானது. 1.3 மல்டிஜெட் அந்தக் காலத்துக் குழந்தை. தொழில்நுட்பம் இத்தாலியுடையது, தயாரிப்பு போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா ஆலையில். 2003இல் முதல் எஞ்சின்கள் ஃபியட் கார்களிலும் ஓப்பல் கார்களிலும் வந்தன. 2005இல் கூட்டு முறிந்தது. ஃபியட் ஆட்டோ முழுவதையும் வாங்கியாக வேண்டிய ஒப்பந்தக் கட்டாயத்திலிருந்து விடுபட ஜிஎம் 155 கோடி யூரோ கொடுத்தது. எஞ்சின் மட்டும் இருவருக்கும் பொதுவாகத் தொடர்ந்தது. அதே 2005இல், உலகின் சிறந்த எஞ்சின்களுக்கான சர்வதேச விருதில் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இது வென்றது. பிறகு ஃபோர்டு கா, பெஜோ பிப்பர், சிட்ரோயன் நெமோ என்று போட்டியாளர்களின் வண்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? 69.6 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), நான்கு சிலிண்டர், மொத்தம் 1248 சிசி. போரைவிட ஸ்ட்ரோக் நீளம் என்பதால் இயல்பாகவே குறைந்த வேகத்தில் இழுக்கும் குணம். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, வால்வுகளைத் திறக்கும் இரட்டை கேம்ஷாஃப்ட், ரோலர் பொருத்திய ராக்கர்கள், வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். நான்கு வால்வுகளுக்கு நடுவில் இன்ஜெக்டர் நேராக நிற்கிறது. பிஸ்டன் தலையில் இருக்கும் குழியின் மத்தியில் தெளிப்பு விழுகிறது. கேம்ஷாஃப்டைச் சுற்ற டைமிங் பெல்ட் கிடையாது, செயின். கம்ப்ரஷன் விகிதம் (காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) ஆரம்பத்தில் 18:1, மாருதியில் 17.6:1, பிந்தைய ஐரோப்பிய வகைகளில் 16.8:1.

துணைப் பாகங்கள் எல்லாம் சேர்த்தே எடை சுமார் 130 கிலோ. நீளம் அரை மீட்டர்தான். இதுதான் சின்ன கார்களுக்குள் இதை நுழைய வைத்தது. அந்த அளவில் மூன்று சிலிண்டர் போட்டுச் செலவைக் குறைத்திருக்கலாம். அப்போது சில நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. ஃபியட் நான்கு சிலிண்டரோடு நின்றது. அதிர்வு குறைவாக, பெட்ரோல் கார் வைத்திருந்தவர்கள் முகம் சுளிக்காமல் மாறிவர இந்த முடிவுதான் காரணம் என்பது என் கருத்து. செவ்ரோலே பீட் டீசலில் வந்த 936 சிசி எஞ்சின் இதே குடும்பம்தான். ஒரு சிலிண்டரை எடுத்துவிட்டு, அதே போர், அதே ஸ்ட்ரோக்கில் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் அந்த நான்காவது சிலிண்டரின் மதிப்பு ஐடிலிலேயே தெரிந்துவிடும்.

இந்தியாவுக்கு இது வந்தபோது நம்மிடம் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தால்தான் இதன் வருகை எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். டாடா இண்டிகாவின் 1405 சிசி டீசல், டர்போ இல்லாமல் 53 குதிரைத்திறனும் 85 நியூட்டன் மீட்டர் டார்க்கும், அதாவது இழுவிசையும், தந்தது. மாருதி தன் ஜென், எஸ்டீம் டீசல்களுக்கு பெஜோவின் 1.5 லிட்டர் எஞ்சினை வாங்கிப் போட்டது. உழைக்கும் எஞ்சின்கள்தான்; ஆனால் டீசல் என்றால் டாக்ஸிக்கு என்ற எண்ணம் மாறவில்லை. 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. அளவில் இண்டிகா எஞ்சினைவிடச் சின்னது. தந்தது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். டார்க் இரண்டு மடங்குக்கு மேல். ஆசைப்பட்டு ஓட்டுகிறவர்களும் டீசல் வாங்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அந்த எஞ்சினை மாருதி இறக்குமதி செய்யவில்லை. ஃபியட்டின் உரிமம் பெற்று, ஹரியானாவின் மானேசரில் சுஸுகி பவர்டிரெய்ன் இந்தியா என்ற நிறுவனத்தில் தயாரித்தது. இன்னொரு பக்கம், புனேக்கு அருகே ரஞ்சன்காவில் ஃபியட்டும் டாடாவும் கூட்டாக நடத்திய ஆலையிலும் இதே எஞ்சின் தயாரானது. 2008இல் இண்டிகா விஸ்டா, 2009இல் லீனியா, கிராண்ட் புன்டோ, மான்ஸா என்று வரிசையாக வந்தன. செவ்ரோலே செயில், என்ஜாய் இரண்டிலும் இதுவே. பிரீமியர் ரியோவில்கூட இதைப் பொருத்தினார்கள். 'இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின்' என்று வாகனப் பத்திரிகைகள் செல்லமாக எழுதியது இதனால்தான்.

அரசின் விலைக் கொள்கையும் இதற்குக் கைகொடுத்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள்; டீசலுக்கு 2014 அக்டோபர் வரை எடுக்கவில்லை. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதோடு கூடுதல் மைலேஜ். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் டீசலுக்குப் பல மாதக் காத்திருப்பு. மானேசரில் தயாராவது போதாமல், ஆண்டுக்கு ஒரு லட்சம் எஞ்சின் வரை ஃபியட்டின் ரஞ்சன்காவ் ஆலையிலிருந்தே வாங்க 2012 ஜனவரியில் மாருதி ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலத்து ஸ்விஃப்ட், டிசையர் சிலவற்றின் எஞ்சின் ஃபியட் ஆலையில் பிறந்ததுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: ஏன் வேறு மாதிரி ஓடுகின்றன?

இந்தக் குடும்பத்தில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று சாதாரண டர்போ, அதாவது உள்ளே அசையும் தகடுகள் இல்லாத சின்ன டர்போ. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோவின் முதல் வகைகள் எல்லாம் இந்தக் கிளை. 75 குதிரைத்திறனை ஒட்டியவை. இன்னொன்று விஜிடி எனப்படும் மாறும் வடிவ டர்போ. புகை மோதும் கோணத்தை மாற்றும் தகடுகள் அதில் இருக்கும். குறைந்த வேகத்தில் தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்கும். வேகம் கூடினால் விரியும். மான்ஸா, விஸ்டா டி90, எஸ்எக்ஸ்4 டீசல், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, ஜெஸ்ட், புன்டோ 90 எல்லாம் இந்தக் கிளை. 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். ஃபியட் தன் லீனியாவிலும் புன்டோவிலும் 93 குதிரைத்திறன், 209 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுபோனது.

விஜிடி இருப்பதால் அது எப்போதும் கீழ் வேகத்தில் நன்றாக இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எஞ்சினில் நடைமுறை அப்படி இல்லை. 90 குதிரைத்திறன் வகைகளில் டர்போ கொஞ்சம் பெரிது. 1800, 2000 ஆர்பிஎம் வரை காத்திருந்து, பிறகு ஒரே பாய்ச்சலாக இழுக்கும். 75 வகை முன்னதாகவே கண் விழிக்கும், ஆனால் 3500க்கு மேல் மூச்சு வாங்கும். நகர நெரிசலுக்கு 75 வகை, நீண்ட சாலைக்கு 90 வகை என்று நான் சொல்வேன். 1800க்குக் கீழே இரண்டுமே சோம்பல்தான். அதற்குக் காரணம் எளிது: டர்போ காற்றை அழுத்தத் தொடங்கும்வரை இது வெறும் 1.2 லிட்டர் டீசல். அந்த நிலையில் வண்டி நிறைய ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் இரண்டாம் கியரில் நகரச் சொன்னால் திணறத்தான் செய்யும்.

எடையும் இதோடு சேரும். லீனியாவின் எடை 1200 கிலோவுக்கு மேல். 2018இல் வந்த ஸ்விஃப்ட் டீசல் 1000 கிலோவுக்கும் கீழே. கிட்டத்தட்ட மூன்று நான்கு பெரிய ஆட்களின் எடை வித்தியாசம். அதே எஞ்சின் ஒன்றில் துள்ளும், இன்னொன்றில் நிதானமாகப் போகும். மாருதி கியர்களை நகரத்துக்கு ஏற்றபடி அமைத்தது, கிளட்ச்சும் ஸ்டீயரிங்கும் லேசு. ஃபியட் வண்டிகளில் எல்லாமே கனம். ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் லீனியா தரும் உறுதி ஸ்விஃப்ட்டில் கிடைக்காது. எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன்னால் இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரே எஞ்சினை எவ்வளவு தீட்டலாம் என்பதற்கு மைலேஜ் எண்களே சாட்சி. அதிகாரபூர்வச் சோதனையில் 2011 ஸ்விஃப்ட் டீசல் லிட்டருக்கு 22.9 கி.மீ., 2014இல் 25.2, 2018இல் 28.4. பிளாக் அதே பிளாக். உராய்வு குறைப்பு, மென்பொருள், கியர், வண்டி எடை இவற்றில் செய்த வேலைதான் மீதி. சியாஸிலும் எர்டிகாவிலும் 2015இல் எஸ்எச்விஎஸ் என்ற சிறு ஹைப்ரிட் அமைப்பையும் இதோடு சேர்த்தார்கள். சிக்னலில் எஞ்சினை நிறுத்தி, மீண்டும் கிளப்பி, முடுக்கும்போது கொஞ்சம் மின் உதவியும் தரும். ஐரோப்பாவில் 2009இலேயே மல்டிஜெட் 2 வந்துவிட்டது. இன்ஜெக்டரின் வால்வை எடைகுறைவாக, அழுத்தச் சமநிலையோடு மாற்றியதால் ஒரு முறைக்கு எட்டுத் தெளிப்புகள் வரை போட முடிந்தது. தெளிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாகவும் வைக்க முடிந்தது. அழுத்தம் 1600 பார்.

இவ்வளவு புகழ்ந்தாலும், குறைகளைச் சொல்லாமல் விட மாட்டேன். பழைய வண்டி வாங்குகிறவருக்கு அதுதான் தேவை.

முதலாவது செயின். 2.5 லட்சம் கிலோமீட்டர் வரை உள் பாகங்களைத் தொட வேண்டாம் என்ற எண்ணத்தோடு ஃபியட் வடிவமைத்தது. ஐரோப்பாவில் ஆயில் மாற்றும் இடைவெளி 30,000 கி.மீ. என்று வைத்தார்கள். சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருப்பதோ சுமார் 3 லிட்டர் ஆயில்தான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ, கரி சேர்ந்து கெட்டியானாலோ டென்ஷனர் தளரும், செயின் நீளும், ஒரு நாள் பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் மோதினால் ஹெட் முழுவதும் வேலை. அங்கே செயின் புகார்கள் நிறைய வந்ததற்கு அந்த நீண்ட இடைவெளி ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியதால் பெரும்பாலான வண்டிகள் தப்பித்தன. 'செயின் வாழ்நாள் முழுக்க வரும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆயில் சுத்தமாக இருக்கும்வரைதான் அதன் வாழ்நாள்.

இரண்டாவது ஈஜிஆர். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பி எரிதல் வெப்பத்தைக் குறைக்கும் வால்வு அது. நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும், ஆனால் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் தார் மாதிரி படியும். தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இது சீக்கிரம் வரும். பிக்-அப் குறைவது, கறுப்புப் புகை, எஞ்சின் விளக்கு எரிவது எல்லாம் அடையாளம். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலர் அதை அடைத்துவிடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முரண் என்பது ஒரு பக்கம், ஈசியுவின் கணக்கும் குழம்பும்.

டர்போவைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு சின்ன டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதன் தண்டு மிதப்பது ஆயில் படலத்தில். கிளப்பியவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும், நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நின்ற மறு நொடி சாவியைத் திருப்புவதும் அந்தப் படலத்துக்கு ஆகாது. அரை நிமிடம் ஐடிலில் விடுவது போதும். விஜிடி வகைகளில் இன்னொரு சிக்கல்: எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் தகடுகளில் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் 3000க்கு மேல் கொஞ்ச நேரம் ஓட்டுவது அதற்கு நல்லது.

இன்ஜெக்டர்கள் உறுதியானவை. அவற்றைக் கெடுப்பது தண்ணீர் கலந்த டீசலும் காலாவதியான ஃபில்டரும். 1400 பார் அழுத்தத்தில் ஒரு தூசித் துகள் நாசிலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு இன்ஜெக்டரின் விலைக்குப் பல ஃபில்டர் வாங்கலாம். ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிக்கச் சொல்லி சர்வீஸில் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை.

இந்த எஞ்சின் ஏன் நின்றது என்றும் பலர் கேட்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80க்கும், துகள் வரம்பு 25லிருந்து 4.5க்கும் இறங்கியது. இதற்குத் துகள் வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் தனி அமைப்பும் வேண்டும். ஐரோப்பாவில் இதே எஞ்சினை யூரோ 6க்கு உயர்த்தினார்கள், ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் சின்ன காரில் அந்தச் செலவைப் போட்டால் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலான விலை வித்தியாசம் மிகவும் கூடிவிடும். இரண்டு எரிபொருளின் விலையும் அதற்குள் நெருங்கிவிட்டது. மாருதி 2019 ஏப்ரலில் டீசலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் சியாஸில் தன் சொந்த 1.5 லிட்டர் டீசலைக் கொண்டுவந்திருந்தது. அதுவும் சேர்ந்து நின்றுபோனது. போலந்து ஆலையை மூடுவதாக 2024 ஜனவரியில் ஃபியட்டின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அறிவித்தது.

இப்போது வாங்கலாமா? வாங்கலாம், வண்டியைப் பொறுத்து. பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மாருதி மட்டுமே இத்தனை வண்டி விற்றிருப்பதால் எஞ்சின் பாகங்கள் சின்ன ஊர்களிலும் கிடைக்கின்றன, இதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. லீனியாவோ புன்டோவோ எடுத்தால் எஞ்சினுக்குக் கஷ்டம் வராது. கதவுப் பிடி, விளக்கு, சஸ்பென்ஷன் பாகங்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். முதல் பதிவின் 15 ஆண்டு எப்போது முடிகிறது என்று ஆர்சியில் பாருங்கள். 2011, 2012 வண்டிகளுக்கு அந்தக் கணக்கு முக்கியம். டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசலுக்குத் தடை இருந்ததால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகள் உண்டு. அவற்றில் மீட்டரை நம்பாமல் சர்வீஸ் பதிவை வாங்கிப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முதல் சில நொடிகள் பானெட் அருகே நின்று கேளுங்கள். செயின் இருக்கும் பக்கத்திலிருந்து உலோகம் உரசும் கலகலப்பு வந்து, ஆயில் ஏறியதும் அடங்கினால் செயின் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். செயின், டென்ஷனர், வழிகாட்டிகள் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே கறுப்புக் களிம்பு படிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாம் கியரில் 1500லிருந்து முழுக்க மிதியுங்கள். 2000 அருகே தெளிவான இழுவை வர வேண்டும். வராமல் புகை மட்டும் வந்தால் ஈஜிஆரோ டர்போ குழாய்க் கசிவோ இருக்கும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஆயில் ஈரம் லேசாக இருப்பது சகஜம், சொட்டினால் டர்போவின் சீல் போயிருக்கலாம்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள், தினமும் பத்து கிலோமீட்டருக்குள் என்றால் இந்த எஞ்சின் உங்களுக்கு வேண்டாம், பெட்ரோல் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி நெடுஞ்சாலை என்றால் 2014க்குப் பிந்தைய ஸ்விஃப்ட் அல்லது டிசையர் டீசல் தேடுங்கள். குடும்பத்தோடு நிறையப் பேர் போவதாக இருந்தால் எர்டிகா. ஓட்டுவதில் ஆசை இருந்து, பாகங்களுக்கு அலையப் பொறுமையும் இருந்தால் 93 குதிரைத்திறன் புன்டோ. வாங்கிய அன்றே ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நான்கையும் மாற்றிவிட்டு, அடுத்த ஆயிலை எட்டாயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள்.